ஊழியமில்லாத பதினெட்டு நாட்கள்

பிளேக் பெங்களூருக்கு வந்த வருஷம் எனக்கு முப்பது வயது. புருஷன் இறந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. பட்டாளம் தங்கிய தண்டுப் பக்கம் இருந்த எங்கள் மிஷனின் வெள்ளைக்காரத் துரைசானி என்னைச் சேர்த்துக்கொண்டு, படிக்க வைத்து, வேத ஸ்திரீயாக நியமித்திருந்தார். வெளியே வராத பெண்களைத் தேடி வீடு வீடாகப் போய் எழுத்தும் வேதமும் சொல்லிக்கொடுப்பது எங்கள் வேலை. வெள்ளைப் புடவை, தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் வேதாகமமும் ஒரு சிலேட்டும். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் வெயில் இறங்கும் வரைக்கும் சந்துசந்தாக நடப்பேன்.

அந்த வேலையில் நான் கெட்டிக்காரி. இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். மாதக் கடைசியில் நாங்கள் எல்லோரும் துரைசானி வீட்டு வராந்தாவில் கூடி, போன வீடுகளைப் பற்றி ஒவ்வொருவராகச் சொல்வோம். என் முறை வரும்போது மற்றவர்கள் கையிலிருக்கும் தையலை மடியில் வைத்துவிட்டுக் கேட்பார்கள். எந்த மாமியார் திட்டினாள், எந்தக் கதவு கடைசியில் திறந்தது என்று நான் சொல்லச் சொல்ல, துரைசானியின் கண் கலங்கும். அன்று இரவு எனக்குச் சாப்பாடே வேண்டியிருக்காது. அந்த நிறைவைத்தான் தேவ அன்பு என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

விடியும் முன் எழுந்து ஜெபிப்பேன். அதில் ஒரு நாளும் தவறியதில்லை. ஆனால் அந்த ஜெபமெல்லாம் வேலையைப் பற்றியதுதான். இன்ன வீட்டுக் கதவைத் திறந்து தாரும், இன்னாருடைய மனதை இளக்கும், எனக்கு நல்ல வார்த்தை கொடும். வேலைக்குப் போகிற வழியில் எஜமானிடம் சாமான் பட்டியல் கொடுப்பதுபோல. ஒரு நாளாவது ஒன்றும் கேட்காமல் அவரோடு சும்மா உட்கார்ந்திருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

நான் போய்வந்த வீடுகளில் ஒன்று ஒரு ஜட்கா வண்டிக்காரருடையது. அவர் மனைவி என்னைவிட மூன்று நான்கு வயது சின்னவள். எட்டு மாதமாக என்னிடம் எழுத்துப் படித்தாள். விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகத் தள்ளிக்கொண்டே போய், சொல் முடிந்ததும் தானே ஆச்சரியப்பட்டுச் சிரிப்பாள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். புருஷனும் அவர் தங்கையும் அவளும், மூன்று பேர்தான் அந்த வீட்டில்.

அன்று காலை நான் போனபோது கதவு பாதிதான் திறந்தது.

"இன்னிக்கு வேணாங்க்கா. நாளிக்கு வாங்க" என்றாள்.

படிக்கச் சோம்பல் என்று நினைத்தேன். அந்த வாரம் இரண்டு வீடுகள் ஏற்கெனவே கைவிட்டுப் போயிருந்தன. மாதக் கூட்டத்துக்கு ஐந்து நாள்தான் இருந்தது. "ரெண்டே ரெண்டு நிமிஷம்" என்று சொல்லி, கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்துவிட்டேன். அவள் நின்றுகொண்டே இருந்தாள். பின்கட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நான் சிலேட்டை எடுத்தேன்.

சிலேட்டில் ஒரு வரி எழுதியிருப்பேன், வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஒரு டாக்டர், இரண்டு ஜவான்கள், முனிசிபாலிட்டி பியூன் ஒருவன். யார் சொல்லி வந்தார்களோ தெரியாது. நேராகப் பின்கட்டுக்குப் போனார்கள். குதிரைக்கு வாங்கி அடுக்கியிருந்த புல்லுக்கட்டுக்குப் பின்னால் அந்த வீட்டுப் பெண், வண்டிக்காரரின் தங்கை, கம்பளிக்குள் சுருண்டு கிடந்தாள். தொடையிடுக்கில் கட்டி. காய்ச்சலில் கண் திறக்கவில்லை.

வீட்டில் இருந்த எல்லோரும் கேம்ப்புக்கு வரவேண்டும் என்று டாக்டர் சொன்னார். அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன்.

"ஐயா, நான் இந்த வீட்டு ஆள் இல்லீங்க. மிஷன்ல வேலை பாக்கறவ. இவங்கள எனக்குச் சரியாத் தெரியவே தெரியாதுங்க."

ஜட்காக்காரர் மனைவி என்னிடமிருந்து இரண்டு முழம் தள்ளி நின்றிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"தெரியாத வீட்டுக்குள்ள பாய் போட்டு உக்காந்து என்னம்மா பண்றீங்க?" என்றார் டாக்டர்.  எங்களை மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். அவள் புருஷனை ஜட்கா நிறுத்தத்திலிருந்து பிடித்துவந்து பின்னால் வந்த வண்டியில் ஏற்றினார்கள்.

தொம்மலூரைத் தாண்டி ஒரு பொட்டலில் கேம்ப் போட்டிருந்தார்கள். மூங்கில் தட்டி வைத்த கொட்டகைகள், சுற்றிலும் ஆள் உயரத்துக்குமேல் தகரம். பெண்களுக்கு ஒரு கொட்டகை, ஆண்களுக்கு ஒன்று. ஒரு கால்வாய்க்கு அப்பால் தனியாக ஒரு சின்னக் கொட்டகை இருந்தது. நோய் கண்டவர்களை அங்கே கொண்டுபோவார்கள். மற்றவர்கள் பத்து நாள் உள்ளே இருக்கவேண்டும். நடுவில் கொட்டகையில் யாருக்காவது நோய் கண்டால் அன்றிலிருந்து மறுபடியும் பத்து நாள்.

வந்ததும் துணிகளை வாங்கிக் கொதிக்கவைக்கப் போட்டார்கள். எனக்கு ஒரு முரட்டுத் துணி கொடுத்தார்கள். காகிதத்தைக் கொதிக்கவைக்க முடியாது என்று சொல்லி என் பையை அப்படியே நெருப்பில் எறிந்தார்கள். என் வேதாகமம் எரிவதை நின்று பார்த்தேன். தோல் அட்டை முறுக்கிக்கொண்டு மேலே எழும்பியது.

ஆனாலும் முதல் நாள் நான் கலங்கவில்லை. கொட்டகையில் இருபது பெண்கள் இருந்தார்கள். யாராலும் கதவைச் சாத்த முடியாது, யாரும் நாளை வா என்று சொல்ல முடியாது. கர்த்தர் என்னை வேலைக்குத்தான் இங்கே கொண்டுவந்திருக்கிறார் என்று முடிவு செய்துகொண்டேன். மாதக் கூட்டத்தில் இதை எப்படிச் சொல்ல ஆரம்பிப்பது என்றுகூட மனதில் ஓடியது.

மறுநாள் காலை கஞ்சி குடித்து முடித்ததும் எழுந்து நின்று பேச ஆரம்பித்தேன். மூலையில் இருந்த ஒரு பெண் என்னைப் பேசி முடிக்க விடவில்லை.

"இவ போய் உக்காந்த வூட்டுக்கு அஞ்சு நிமிசத்துல போலீஸ் வந்துச்சாம். இங்க யாரக் காட்டிக் குடுக்க வந்திருக்கா?"

"அப்படி இல்லம்மா, நான்..."

"குந்துமா சும்மா. எங்க பேஜாரு எங்களுக்கு."

நான் ஜட்காக்காரர் மனைவியைப் பார்த்தேன். இல்லை, இவங்க அப்படிப்பட்டவங்க இல்லை என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் தட்டியைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்று சாயங்காலத்துக்குள் எல்லோரும் தங்கள் பாயை என்னைவிட்டுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். இடமே இல்லாத அந்தக் கொட்டகையில் என்னைச் சுற்றி மட்டும் தரை காலியாகக் கிடந்தது.

நாலாம் நாள் மத்தியானம் கம்பவுண்டர் வாசலில் வந்து நின்று, "ஜட்கா வீட்டம்மா யாரு?" என்று கேட்டார். அவள் எழுந்தாள். "அந்தப் பொண்ணு போயிட்டாம்மா" என்றார். முகத்தைப் பார்க்கவும் விடவில்லை. அவள் தட்டியில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். நான் அருகில் போனேன். ஆறுதல் சொல்ல என்னிடம் வார்த்தைகளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. எத்தனை சாவு வீட்டில் சொல்லியிருக்கிறேன். நான் வாயைத் திறக்கும் முன் அவள் உள்ளங்கையை விரித்து எனக்கு எதிரே நீட்டினாள். வராதே என்று அர்த்தம். நான் என் பாய்க்குத் திரும்பிவந்தேன்.

ஐந்தாம் நாள் துரைசானியிடமிருந்து கடிதம் வந்தது. சபையார் எனக்காக ஜெபிப்பதாக எழுதியிருந்தார். "உன் வீடுகளைக் குறித்து வருத்தப்படாதே" என்று எழுதி, அவற்றை எங்களில் எல்லோருக்கும் இளையவளிடம் ஒப்புவித்திருப்பதாகவும், அவள் நன்றாகச் செய்கிறாள் என்றும் முடித்திருந்தார்.

அந்தப் பெண் என்னோடு கூடவே நடந்து வேலை பழகியவள். கடைசி வரியை நான் எத்தனை தரம் படித்தேன் என்று தெரியாது. அன்று பகல் முழுக்கத் தகரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெயில் பட்டு அது கண்ணைக் குத்தியது. எந்தெந்த வீட்டில் அவளுக்குப் பேசத் தெரியாது, எந்த வாசலில் அவளைத் திருப்பி அனுப்புவார்கள் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். நினைக்க நினைக்க ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல் மெல்ல மெல்ல ஜெபமாகவே மாறியிருந்ததைக் கவனித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கர்த்தருடைய வேலை தடைபட வேண்டும் என்று நான் கர்த்தரிடமே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு என்னால் ஜெபிக்க முடியவில்லை. கண்ணை மூடுவேன். கேட்பதற்கு ஒரு வீடில்லை, சொல்வதற்கு ஒரு பெயரில்லை. வேலையைக் கழித்துப் பார்த்தால் அவருக்கும் எனக்கும் நடுவில் பேச்சே இல்லை. ஒரே வீட்டில் வருஷக்கணக்காகப் பிள்ளைகளைப் பற்றி மட்டும் பேசிவிட்டு, பிள்ளைகள் போன பிறகு முகம் பார்க்கக் கூசும் புருஷன் பெண்டாட்டிபோல ஆகிவிட்டது. கொட்டகையைவிட அதில்தான் எனக்கு மூச்சு முட்டியது. கொட்டகைக்காவது நாள் கணக்கு உண்டு.

ஏழாம் நாள் தண்ணீர்ப் பீப்பாய் அருகே ஜட்காக்காரர் மனைவியும் நானும் மட்டும் நிற்கும்படி ஆயிற்று. சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

"அன்னிக்கு டாக்டர் கிட்ட உங்களத் தெரியாதுன்னு சொன்னேன்."

"கேட்டுச்சு" என்றாள்.

"பயத்துல சொல்லிட்டேன். தப்புதான். நீ வேணாம்னு சொன்னப்பவே நான் திரும்பிப் போயிருக்கணும்."

அவள் குவளையைக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். "எட்டு மாசம் வந்தீங்களேக்கா. அவ வயசு என்னன்னு ஒரு நாளாச்சும் கேட்டீங்களா?"

இல்லை என்று தலையசைத்தேன்.

"பத்தொம்போது. வர்ற தையில கல்யாணம் வெச்சிருந்தோம்."

அந்தப் பெண் எட்டு மாதமும் அதே வீட்டில்தான் இருந்தாள். பாடம் நடக்கும்போது பின்கட்டு நிலையில் சாய்ந்து நின்று கேட்பாள். அவள் படிக்க விரும்பவில்லை என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டதால் அவளை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. அவள் முகத்தை நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன். மூக்குத்தி மட்டும்தான் வந்தது.

எட்டாம் நாள் எங்கள் கொட்டகையில் இன்னொரு பெண்ணுக்குக் கட்டி கண்டது. அவளைக் கால்வாய்க்கு அப்பால் தூக்கிக்கொண்டு போனார்கள். மறுபடியும் பத்து நாள் என்றார்கள். இன்னும் இரண்டே நாள் என்று இருந்தவர்கள் ஒப்பாரி வைத்து அழுதார்கள். ஒருத்தி தகரத்தில் ஏறிக் குதிக்கப் பார்த்து உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு யாரும் யாரோடும் அதிகம் பேசவில்லை. பினாயில் வாடையும் சுண்ணாம்பு வாடையும் கஞ்சியில்கூட ஏறியிருந்தன. காலையில் வரிசையாக நிற்பது, கம்பவுண்டர் வந்து கழுத்திலும் அக்குளிலும் கைவைத்துப் பார்ப்பது, மறுபடியும் உட்காருவது. அவ்வளவுதான் ஒரு நாள்.

பதினாலாம் நாள் விடியும்போது எனக்குப் பல் கிட்டியது. உடம்பு கொதித்தது. போர்த்திக்கொண்டு சுருண்டு கிடந்த என்னை முதலில் கண்டுபிடித்தவள் ஜட்காக்காரர் மனைவிதான். பாயைத் தாண்டி வந்து நெற்றியில் கை வைத்தாள். அன்று வீட்டில் கம்பளிக்குள் கிடந்தவளையும் அவள் இப்படித்தான் தொட்டுப் பார்த்திருப்பாள்.

"சொல்லாதீங்கக்கா" என்றாள் மெதுவாக. "அந்தப் பக்கம் போனவங்க யாரும் திரும்பல."

மற்றவர்களுக்கும் தெரிந்துவிட்டது. என்னைக் காட்டிக்கொடுப்பவள் என்று சொன்ன அதே பெண் வந்து குனிந்தாள். "இன்னும் நாலே நாளு. நீ சொன்னா மறுபடி பத்து. வாயத் தொறக்காத தாயி. நாங்க மறச்சுக்கறோம்." ஈரத் துணியால் என் முகத்தையும் கழுத்தையும் துடைத்தாள். வரிசையில் என்னை நடுவில் நிறுத்தி, இரண்டு பக்கமும் நெருக்கி நின்றுகொண்டார்கள். அந்தக் கேம்ப்புக்கு வந்தபின் முதல் தரமாக என்னோடு எல்லோரும் ஒட்டி நின்றார்கள்.

அன்று கம்பவுண்டருக்கு ஏதோ அவசரம். பாதிப் பேரைத் தொட்டார், பாதிப் பேரைத் தொடவில்லை. என்னைப் பார்த்தார், தாண்டிப் போனார்.

தப்பித்துவிட்டேன். என் பக்கத்தில் நின்றவள் மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. அவள் இடுப்பில் ஒரு கைக்குழந்தை இருந்தது. ராத்திரி அது என் பாய்க்கு நாலைந்து முழம் தள்ளித்தான் படுக்கும். எனக்கு வந்திருப்பது பிளேக் என்றால் அடுத்து அதற்குத்தான் வரும். இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் நாலு நாள் என்ற எண் அவர்கள் கண்ணை மறைத்துவிட்டது. என் கண்ணையும் மறைத்தது.  சொன்னால் இவர்கள் எல்லோரும் என்னைச் சபிப்பார்கள். நான் அங்கே செத்தால் அதை எந்த வராந்தாவிலும் யாரும் எடுத்துச் சொல்லப்போவதில்லை.

"கம்பவுண்டர் ஐயா" என்று கூப்பிட்டேன். "எனக்குக் காய்ச்சல்."

கால்வாய்ப் பலகையைத் தாண்டும்வரை பின்னால் அவர்கள் என்னைத் திட்டியது காதில் விழுந்துகொண்டே இருந்தது.

அந்தக் கொட்டகையில் ஆறு கட்டில்கள். எனக்கு எதிரே ஒரு பெண் கன்னடத்தில் தன் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். சாப்பிட வா, சாப்பிட வா என்று. முன்பாக இருந்தால் எழுந்துபோய் அவள் கையைப் பிடித்து, காதில் ஒரு வசனமாவது சொல்லியிருப்பேன். என்னால் தலையைத் தூக்க முடியவில்லை. கிடந்தேன். நீளக் கைப்பிடி வைத்த அகப்பையில் ஒரு தோட்டி என் வாய்க்குத் தண்ணீர் ஊற்றினார். பாதி கழுத்தில் வழிந்தது. அதைத் துடைக்கவும் கை வரவில்லை.

இரண்டாம் நாள் அந்தப் பெண்ணின் குரல் நின்றுவிட்டது. நான் கூரையைப் பார்த்தபடி கிடந்தேன். "நான் உமக்கு ஒன்றுக்கும் உதவாதவளாகக் கிடக்கிறேன்" என்று சொன்னேன். வாய்விட்டுச் சொன்னேனா என்று தெரியாது. வேறு ஒன்றும் கேட்கவில்லை. பிழைக்கவை என்றுகூடக் கேட்கவில்லை, கேட்கத் தெம்பில்லை. பதில் எதுவும் வந்ததாகச் சொல்ல மாட்டேன். காட்சி ஒன்றும் காணவில்லை. ஆனால் அவர் எழுந்து போய்விடவில்லை என்று தெரிந்தது. என் கட்டிலருகே உட்கார அவருக்கு என்னிடம் ஒரு காரியமும் இல்லை, ஆனாலும் உட்கார்ந்திருந்தார். இதற்குமேல் அதை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்று பயம் போய்விடவும் இல்லை. பயந்துகொண்டே தூங்கினேன்.

நாலாம் நாள் டாக்டர் வந்து பார்த்தார். "கட்டி எங்கயும் இல்ல. மலேரியாதான், முறைக்காய்ச்சல். கொய்னா மருந்து குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பிளேக் இல்லை என்பதால் கொட்டகைக்கு மறுபடி பத்து நாள் போடவில்லை. என்னைத் திருப்பி அனுப்பியபோது பெண்கள் யாரும் முகம் கொடுக்கவில்லை. ஜட்காக்காரர் மனைவி மட்டும் தன் பாயை இழுத்து என் பாய்க்குப் பக்கத்தில் போட்டாள்.

மறுநாள், பதினெட்டாம் நாள், வெளியே விட்டார்கள். அவளும் புருஷனும் வீட்டை நோக்கி நடந்தார்கள். நானும் கூட நடந்தேன். வெயில் உள்ளே விழுந்து நோய் போகவேண்டும் என்று வீட்டு ஓடுகளையெல்லாம் பிரித்துப் போட்டிருந்தார்கள். புல்லுக்கட்டு எரிந்த கரி பின்கட்டில் கிடந்தது. அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். அவள் நாத்தனாரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். குதிரைக்குப் பயப்படாத ஒரே ஆள் அவள்தானாம். பொழுது சாயும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதக் கூட்டத்தில் எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள். துரைசானி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அங்கே எத்தனை ஸ்திரீகள் வசனத்தைக் கேட்டார்கள்?"

"ஒருத்தரும் கேட்கலம்மா."

"ஒருத்தரும் இல்லையா?"

"இல்லம்மா. நான் என்னத்தைச் சொல்லிக்கிட்டிருந்தேன்னு எனக்கே அங்கதான் தெரிஞ்சது."

எனக்கு இன்னும் உடம்பு சரியாகவில்லை என்று அவர் நினைத்தார். என் வீடுகளை அந்த இளையவளிடமே விட்டுவிடும்படி கேட்டபோது நிச்சயமாகவே அப்படி நினைத்தார். இரண்டு மாதம் ஓய்வு கொடுத்து, பிறகு ஓசூர் ரோட்டுப் பக்கம் பொம்மனஹள்ளிக்கு அனுப்பினார். அந்த வேலையை யாரும் கேட்டு வாங்கியதில்லை.

ஜட்காக்காரர் மனைவி கடைசிவரை எங்கள் சபைக்கு வரவில்லை. நான் அவளைப் பார்க்கப் போவதை நிறுத்தவும் இல்லை. சில வருஷம் கழித்து அவர்கள் கோலாருக்குக் குடிபோனார்கள். என் பெருமை அந்தக் கேம்ப்போடு எரிந்துபோய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன். அது பலதரம் திரும்பி வந்தது. இதை எழுதும்போதுகூட ஓரமாக நின்று பார்க்கிறது.

பொம்மனஹள்ளியில் முதல் ஆறு மாதம் ஒரு கதவும் திறக்கவில்லை. காலையில் போய், ஊர்க் கிணற்றுக்கு எட்டத்தில் ஒரு புங்கமர நிழலில் உட்காருவேன். சில நாள் மனது பழையபடி அடித்துக்கொள்ளும், இப்படியே மாதம் போனால் என்ன சொல்வது என்று. சில நாள் அடித்துக்கொள்ளாது. இலை உதிர்வதைப் பார்த்துக்கொண்டு கர்த்தரோடு உட்கார்ந்திருந்துவிட்டு, சாயங்காலம் நடந்து வீடு திரும்புவேன்.

ஏழாவது மாதம் ஒரு பெண் கிணற்றடியிலிருந்து வந்து, கைக்குழந்தையை என்னிடம் நீட்டி, தண்ணீர் இறைத்து முடிக்கும்வரை பிடித்துக்கொள்ளச் சொன்னாள். வாங்கிக்கொண்டேன். பிள்ளையின் பெயர் என்ன, எத்தனை மாதம் என்று கேட்டேன். சொன்னாள். இரண்டு குடம் நிரம்பியதும் பிள்ளையை வாங்கிக்கொண்டு போனாள். அன்று அவ்வளவுதான் நடந்தது.